ரத்தத்தில் இல்லாத மாத்திரை

மங்கம்மாள் செத்து ஒரு வருஷம் முடிந்த அன்றைக்குக் குப்பன் வீட்டைத் திருப்பிப் போட்டார்.

திருப்பிப் போடுவது என்றால் கூரையைப் பிரிப்பது இல்லை. இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் வைப்பது, வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கம் கொண்டுவருவது. தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்குத் திருகைக்கல் போனது, திருகைக்கல் இருந்த மூலைக்குப் பானை வந்தது. பாய், முறம், சாமிப்படம், கதவு நிலைக்கு இரண்டு பக்கமும் ஆணியில் தொங்கின சுரைக்குடுக்கைகள் எல்லாம் பக்கம் மாறின. செத்தவர்கள் வருஷம் கழித்து ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம். வைத்தது வைத்த இடத்தில் இருந்தால் நம் வீடுதான் என்று உட்கார்ந்துவிடுவார்களாம். மாறிக் கிடந்தால் வேறு யார் வீடோ என்று திரும்பிப் போய்விடுவார்களாம். குப்பனுடைய அப்பா தன் அம்மா செத்தபோது அப்படித்தான் செய்தார். மலையில் வேறு யாரும் செய்து குப்பன் பார்த்ததில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பொம்பளைகள் யாரும் மங்கம்மாள் சொன்னதைச் சொல்லிவிட்டுச் சாகவில்லை.

அவளுக்கு வந்தது வெறும் ஜுரம். நாலாம் நாள் அவளே கேட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று. "அங்க போனா பொணமாத்தான் அனுப்புவான்" என்று குப்பன் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஏழாம் நாள் அவள் கண்ணைத் திறந்து, சுவரோரம் படுத்திருந்த மகளைப் பார்த்தாள், பிறகு குப்பனைப் பார்த்தாள். "பொண்ண உங்கிட்ட வுட்டுட்டுப் போவமாட்டேன்" என்றாள். அதோடு சரி.

அதனால்தான் வீட்டைத் திருப்பிப் போட்டார். ஒன்றை மட்டும் அசைக்க முடியவில்லை. வாசல் உரல். அது பாறையிலேயே குடைந்தது. மங்கம்மாள் முப்பது வருஷம் சாமை குத்திய உரல்.

மகள் தேவயானிக்கு இருபத்துமூன்று வயது. பன்னிரண்டாவது முடித்தவள். இரண்டு வருஷமாகக் குடலில் நோய். வயிறு முறுக்கும், ரத்தமாகப் போகும், தின்றது உடம்பில் ஒட்டாது. மங்கம்மாள் போன பிறகுதான் குப்பன் அவளைக் கீழே சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்துச் சொன்னார்கள்: அவள் உடம்பே அவள் குடலை எதிரி என்று நினைத்துப் புண்ணாக்குகிறதாம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை கையில் ஊசி குத்தி ட்ரிப்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மஞ்சளாக ஒரு மாத்திரை. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருஷம் அவளை நிமிர்த்தி வைத்திருந்தன.

மாத்திரை கொமட்டுகிறது என்று ஆரம்பத்தில் அவள் நாலைந்தைப் புளியமரத்து வேரில் துப்பியிருக்கிறாள். குப்பன் பார்த்துவிட்டார். அன்றைக்கே மாத்திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். வேளைக்கு ஒன்று அவரே எடுத்துக் கொடுப்பார். முழுங்கினதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, செல் வெளிச்சத்தில் பார்ப்பார்.

"மாட்டுச் சந்தையிலகூட இப்டி பல்லப் புடிச்சிப் பாக்கமாட்டாங்கப்பா" என்பாள் தேவயானி.

"மாடு துப்பாது."

வீட்டைத் திருப்பிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. மாத்திரையை வாங்கினாள், போட்டாள், தண்ணீர் குடித்தாள். "இப்பல்லாம் கொமட்டவே இல்லப்பா. பழகிடுச்சு போலக்கீது" என்றாள். குப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. மங்கம்மாள் வந்து பார்த்து, வீடு தெரியாமல் திரும்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மாசம்தான் அந்த நிம்மதி.

முதலில் சத்தம் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் குப்பன் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தால் வாசலில் உரல் இடிக்கிற சத்தம் கேட்கும். தும், தும், தும். ஒரே சீராக. எழுந்து போய்ப் பார்த்தால் உரல் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் வானம் கிடக்கும். தூரத்தில் காவலூர் மேட்டில் நட்சத்திரம் பார்க்கிறவர்களுடைய வெள்ளைக் குண்டுக் கட்டடம் தெரியும். வேறு ஒன்றும் இல்லை. திரும்பி உள்ளே வந்தால் மறுபடியும் தும், தும். பிடரி கனத்து, கண் ஓரத்தில் மின்மினி பறக்கும்.

"உனக்கு இன்னா சத்தம் கேக்குது?" என்று மகளைக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலயே. இன்னாப்பா?"

"ஒண்ணுமில்ல."

பிறகு முடி. காலையில் தலைக்கு வைத்த துண்டில் கொத்துக் கொத்தாக நரைமுடி கிடந்தது. வாய்க்குள் புண். காரம் பட்டால் உயிர் போனது. கொமட்டல் வேறு. பாதிக் களியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதற்கப்புறம் ஒருநாள் விறகு பிளக்கச் சட்டையைக் கழற்றினவர் தன் முன்கையைப் பார்த்து அப்படியே நின்றார். நீலமாக நாலு கோடு. உள்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று. யாரோ இறுக்கிப் பிடித்து இழுத்த மாதிரி. வலி இல்லை. எப்போது பிடித்தார்கள் என்றும் தெரியவில்லை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வெயிலிலும் கழற்றவில்லை.

தேவயானிக்கும் ஆரம்பித்தது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்தாள். ஒருநாள் பானை அண்டையில் அப்படியே மடங்கி விழுந்தாள். ஆறாவது வாரம் வயிற்றுவலி திரும்பி வந்தது. ஏழாவது வாரம் ரத்தம். அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே அளவில் கரைந்துகொண்டிருந்தார்கள்.

வந்தவள் திரும்பிப் போகவில்லை என்று குப்பனுக்குத் தெரிந்துவிட்டது. உரலை அடையாளம் பிடித்துக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து ஒரு கையால் மகளை இழுக்கிறாள், தடுக்கிற அவர் கையையும் பிடித்து முறுக்குகிறாள்.

எட்டாம் வாரம் ஆலங்காயம் போய், வாணியம்பாடி போய், இன்னொரு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ட்ரிப் ஏற்றுகிற அறையில் மெர்சிலின் என்கிற நர்ஸ். ஆலங்காயம் பக்கத்துப் பெண். நாலு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு. அன்றைக்கு மருந்து ஏற்றுமுன் மூன்று குழாய் ரத்தம் எடுத்தாள்.

"எதுக்கு இவ்ளோ?" என்றார் குப்பன். "ஒடம்புல இருக்கிறதே கொஞ்சூண்டு. அதையும் உறிஞ்சிக்கினா?"

"விக்கிறதுக்கு இல்ல ஐயா. போன தபா ஏத்தின மருந்து உள்ள எவ்ளோ மிச்சம் கீதுன்னு பாக்கணும். அடுத்தது ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் கணக்கு தெரியும். மாத்திரை ரத்தத்துல சேந்துச்சான்னும் பாப்பாங்க. டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க."

"நீ ஏத்துன மருந்து எங்க போச்சுன்னு உனக்கே தெரியாதா?"

மெர்சிலின் சிரித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். ட்ரிப்பில் போகிற மருந்து வெளியாள். உடம்பு அதை எதிரி என்று நினைத்து, அடிக்க ஆள் சேர்த்துக்கொள்ளும். ஆள் சேர்ந்துவிட்டால் எவ்வளவு ஏற்றினாலும் மருந்து தங்காது. அப்படி ஆள் சேராமல் அடக்கி வைப்பதற்குத்தான் தினம் ஒரு மாத்திரை.

குப்பன் யோசித்தார். "வூட்டுக்கு வர்ற விருந்தாளிய நாய் கொதறாம கட்டிப் போடற கயிறு மாரி."

"அதேதான் ஐயா. கயிறு அறுந்தா விருந்தாளி செத்தான்."

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. தேவயானி ஸ்பீக்கரில் போட்டாள். மெர்சிலின் சிரிக்கவில்லை.

"ரத்தத்துல ட்ரிப் மருந்து ஏறக்குறைய இல்லவே இல்ல. எதிர்ப்பு ஆரம்பிச்சிடுச்சு. மாத்திரை சுத்தமா இல்ல, தேவயானி. சாப்ட்டதுக்கு அடையாளமே இல்ல. உண்மையச் சொல்லு. எத்தினி நாளா நிறுத்திட்ட?"

"நான் நிறுத்தலக்கா!"

"இப்டியே போனா இந்த மருந்தே உனக்கு ஒத்துக்காமப் போயிடும்மா. அப்புறம் ஆபரேசன்தான், குடல வெட்டணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. வூட்ல கீற மாத்திரை அத்தனையும் எடுத்துக்கினு திங்கக்கெழமை வாங்க."

தேவயானி போனை வைத்தாள். குப்பன் கேட்டார். "எங்க துப்புற?"

"அப்பா, உன் கையாலதான குடுக்கற? வாயத் தொறந்து காட்டல?"

"அதான் கேக்கறன். நான் பாக்க முழுங்கறது ரத்தத்துல இல்லன்னா எங்க போவுது?"

"இன்னும் இன்னா செய்யணும்? நாக்க அறுத்துக் கையில குடுக்கவா? வயித்தக் கிழிச்சுக் காட்டவா?" அவள் அழுதாள். அழவும் தெம்பில்லாமல் பாயில் சரிந்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அது குப்பனுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்காரன் பொய் சொல்லலாம். ஆனால் ரத்தம்? அவள் தொண்டைக்குள் இறங்குகிற வரைக்கும் அவர் பார்த்திருக்கிறார். இறங்கினது வயிற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் காணாமல் போகிறது. நடுவில் ஒரு கை இருக்கிறது. சட்டைக்கு மேலேயே அந்த நீலக்கோடுகளைத் தடவிக்கொண்டார். வாசலில் தும், தும் என்றது.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரலைப் பார்த்துச் சொன்னார். "உன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாதது என் தப்பு. என்னிய இழு. அவ வாயிலருந்து புடுங்காத."

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். நிலைக்கு இரண்டு பக்கமும் தொங்கின குடுக்கைகளைக் குப்பன் கழற்றினார். மாத்திரைகள் அதில்தான் இருந்தன. தகரத்தாள் அட்டைக்குள் அடைத்து வைத்ததை அவர் நம்பமாட்டார். மழைக்கு உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும், எலி கடிக்கும். அதனால் விதையைக் காப்பாற்றுகிற மாதிரி, காய்ந்த சுரைக்குடுக்கையில் அடியில் சாம்பல் போட்டு, மேலே துணி வைத்து, அட்டையிலிருந்து உரித்த மாத்திரைகளை அதற்குள் கொட்டி வைத்திருந்தார். மலையிலிருந்து வருகிறவர்கள் என்று மூன்று மாசத்துக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு குடுக்கை மகளுடையது. இன்னொன்று சுகாதார நிலையத்தில் அவருக்குக் கொடுத்த பிரஷர் மாத்திரை. அதுவும் மஞ்சள், அதுவும் சின்னது, அதுவும் ராத்திரி ஒன்று. குழம்பிவிடக் கூடாது என்று இடப்பக்கத்துக் குடுக்கையை இடக்கையிலும் வலப்பக்கத்ததை வலக்கையிலும் பிடித்துக்கொண்டே மூன்று பஸ் மாறினார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க, அதைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

"இன்னா பெருசு, ரெண்டு கையிலயும் சாமியா?" என்றான் கண்டக்டர்.

டாக்டரம்மா ஷோபனாவின் மேஜையில் மெர்சிலின் துணியை விரித்து, இடக்கைக் குடுக்கையைக் கவிழ்த்தாள். சாம்பலோடு மாத்திரைகள் உருண்டன.

"இது யாருது ஐயா?"

"பொண்ணுது."

டாக்டர் ஒன்றை எடுத்துச் சாம்பலை ஊதி, விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். வலக்கைக் குடுக்கையிலிருந்தும் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அச்சடித்திருந்ததைப் படித்தார்.

"இது பிரஷர் மாத்திரை பெரியவரே. பொண்ணோட மாத்திரை இதோ, இதுலதான் இருக்கு."

"இல்ல. அது எனுது. எடது அவளுது, வலது எனுது. ஒரு வருஷமா அப்டித்தான் மாட்டிக்கீறன். இதுல நான் தப்பு பண்ணமாட்டன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் நின்றது. பானை, திருகைக்கல், பாய், முறம். ஆணியிலிருந்து கழற்றி ஆணிக்கு மாற்றின தன்னுடைய கைகள் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தன. பானையும் பாயும் கண்ணுக்குத் தெரிகிறவை. குடுக்கைகளோ ஒன்றுபோல இருப்பவை. அன்று ராத்திரியே கை பழைய பழக்கத்துக்கு இடப்பக்கம் போயிருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து மகளுக்கு. வலப்பக்கத்திலிருந்து தனக்கு. எழுபது நாளாக.

செத்தவள் குழம்பட்டும் என்று செய்ததில் அவர்தான் குழம்பியிருந்தார்.

"ஐயா," என்றாள் மெர்சிலின், "சட்டைக் கையத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. அவளே தூக்கினாள். தேவயானி அந்த நீலத்தைப் பார்த்து வாயில் கை வைத்தாள். டாக்டர் அவருடைய வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கைத் தூக்கச் சொன்னார், டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க மேடம்" என்று தேவயானி அழுதுகொண்டே சொன்னாள். "துப்பிடப் போறாரு."

"ரத்தம் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

ஆயுசில் ஒருமுறைகூட யாருக்கும் ரத்தம் கொடுக்காத குப்பன் நீலக்கோடு விழுந்த கையை மேஜைமேல் நீட்டினார்.

அன்று சாயங்காலமே அவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தத்தில் வெள்ளை அணு தரைக்கு வந்திருந்தது. மகளுடைய அந்த மாத்திரை சில பேர் உடம்புக்கு ஆகவே ஆகாதாம், எலும்புக்குள் ரத்தம் ஊறுகிறதையே நிறுத்திவிடுமாம். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவும் குறைந்ததால் லேசாக இடித்துக்கொண்டாலும் தோலுக்குள் ரத்தம் கட்டி நீலம் பூத்திருக்கிறது. அவருடைய மாத்திரை மகளுக்குப் போய் அவளுக்குக் கண் இருட்டியிருக்கிறது, இவருக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது. காதில் கேட்ட இடி அதுதான் என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு வாரம் இதையே சாப்பிட்டிருந்தா, ஒரு சாதாரண ஜுரம் வந்தாப் போதும், அதுவே கொண்டுபோயிருக்கும்."

ஜுரம் என்றதும் குப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய ரத்தம் போய்வந்த காகிதத்தைக் கட்டிலண்டை மெர்சிலின் கொண்டுவந்தாள். "பொண்ணு ரத்தத்துல இல்லாம இருந்துச்சே, அது அத்தனையும் உங்க ரத்தத்துல கீது ஐயா."

"அவளுக்கு?"

"எதிர்ப்பு இப்பதான் லேசா கெளம்பிக்கீது. ட்ரிப்ப கூட்டி, நாள கொறச்சு ஏத்தப் போறாங்க. அவளுக்கு அந்த மாத்திரை ஒத்துக்குது, அதத் தவறாம குடுங்க. மூணு ட்ரிப் கழிச்சு மறுபடியும் அளந்து பாப்பாங்க. அடங்கினா மருந்து நிக்கும். இல்லன்னா ஆபரேசன்தான்." கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "மாத்திரை அட்டையிலயே இருக்கட்டும். ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. வூட்ட பழையபடி வையுங்க. கை பழகின எடத்துல பொருள் இருக்கணும்."

"வெச்சா அவ வந்துடுவா."

"யாரு?"

குப்பன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

வீடு திரும்பின அன்று வாசலில் வெகுநேரம் நின்றார். அப்புறம் உள்ளே போய்ப் பானையைப் பழைய மூலைக்குத் தூக்கினார். திருகைக்கல்லை உருட்டினார். பாய், முறம், சாமிப்படம். ஒவ்வொன்றையும் வைக்கும்போது யாருக்கோ கதவைத் திறந்துவிடுகிற மாதிரிதான் இருந்தது. கடைசியில் இடப்பக்கத்து ஆணியில் தேவயானியின் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுத் தொங்கவிட்டார்.

மூன்று ட்ரிப் முடிந்தது. ரத்தம் போனது. இந்தத் தடவை மெர்சிலின் போனிலேயே சிரித்தாள். "மருந்து நின்னுடுச்சு! எதிர்ப்பு அடங்கிடுச்சு ஐயா. மாத்திரையும் ரத்தத்துல அளவா கீது. ரெண்டையும் வுட்றாதீங்க." தேவயானிக்கு ரத்தம் போவது அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. குப்பனுக்கும் முடி முளைத்தது. காலையில்தான் சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

அன்று விளக்கு வைத்துச் சாப்பிட்டு எழுந்தபோது குப்பன் ஆணியண்டை போனார். பைக்குள் கைவிட்டவர் நின்றார்.

தும்.

பிடரி கனக்கவில்லை. கண்ணில் மின்மினி இல்லை. காதைப் பொத்தினார். பொத்தினதும் சத்தம் குறைந்தது. கையை எடுத்ததும் தெளிவாகக் கேட்டது. தும், தும், தும். வாசலில்.

அவர் மகளைப் பார்த்தார். பாயில் உட்கார்ந்திருந்த தேவயானி முதுகு நிமிர்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "நம்ம உரல்ல யாரோ குத்தறாங்க."

குப்பன் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்தார். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். "முழுங்கு" என்றார். அவள் வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். குப்பன் செல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

பிறகு அட்டையோடு போய்க் கதவைத் திறந்தார். உரலண்டை இருட்டு கட்டி நின்றது. பிதுக்கின பள்ளம் தெரிகிற மாதிரி அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"குடுத்துட்டன்டி" என்றார். "முழுங்கிட்டா. நான் பாத்தன்."

ஒரு இடி பாதியில் நின்ற மாதிரி சத்தம் நின்றது.

குப்பன் கதவைச் சாத்தவில்லை. திரும்பி வந்து அட்டையைப் பையில் போட்டார், பையை இடப்பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"நாளைக்கும் காட்டணுமாப்பா?" என்றாள் தேவயானி.

"காட்டணும்" என்றார் குப்பன்.